எங்கள் அறையின் வில்லி

எங்கள் துறையின் இணையதளத்தில் ஒவ்வொரு பிஎச்டி மாணவருக்கும் ஒரு பக்கம் உண்டு. மேலே படம், அதன் கீழே பெயர், அதற்கும் கீழே 'ஆராய்ச்சி ஆர்வங்கள்' என்று ஒரு கட்டம். நான் சேர்ந்த புதிதில் அந்தக் கட்டத்தில் மூச்சு முட்ட ஒரு பத்தி எழுதியிருந்தேன். அல்காரிதம், நிகழ்தகவு, வரைபடக் கோட்பாடு என்று தெரிந்தது தெரியாதது எல்லாவற்றையும் அள்ளிப் போட்டிருந்தேன். என்னோடு அதே நாளில் சேர்ந்த பெண் ஒரே வரிதான் எழுதியிருந்தாள்: 'குறைந்த நினைவகம் உள்ள கணினியை ஏமாற்றுவது.'

துறை அலுவலகத்திலிருந்து அவளுக்கு ஃபோன் வந்தது.

"என்னம்மா இது, ஏமாத்துறதுன்னு போட்டிருக்கே? வெளியில இருந்து பாக்கிறவங்க நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"என் வேலையே அதுதான் சார்."

"அப்போ வேலையை நல்லபடியாப் பாரு. வெப்சைட்ல போடாத."

இரண்டு தரப்பும் பேசி முடித்து, 'ஏமாற்ற முடியுமா என்று ஆராய்வது' என்று அந்த வரி மாறியது. ஃபோனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "முடியுமாவாம்! சந்தேகம் வேற!"

அவளுக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. எனக்கு முப்பத்தெட்டு. பல வருஷம் ஒரு கம்பெனியில் வங்கிகளுக்கு மென்பொருள் எழுதிச் சலித்து, மனைவி ரத்த வங்கியில் சம்பாதிக்கிற தைரியத்தில், படிக்க வந்தவன் நான். எங்கள் இருவருக்கும் மாடியில் ஒரே அறை. முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு மேசைகள், ஓடும்போது கிறீச்சிடும் ஒரு மின்விசிறி, சுவரை அடைத்துக்கொண்டு ஒரு கரும்பலகை. எங்கள் வழிகாட்டியை எல்லோரும் மேடம் என்றுதான் சொல்வோம். முதல் வாரமே மேடம் அறைக்கு வந்து, சுண்ணக்கட்டியை எடுத்து, கரும்பலகையின் நடுவில் மேலிருந்து கீழே ஒரு கோடு கிழித்தார். இரண்டு பேருக்கும் ஒரே கேள்வியைக் கொடுத்தார்.

கேள்வி இதுதான். ஒரு பெரிய ஊர். அதில் சாலைகளைத் திறக்கிறார்கள், மூடுகிறார்கள். 'இந்தத் தெருவைத் திறந்தாச்சு', 'அந்தப் பாலத்தை மூடியாச்சு' என்று செய்தி ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. நம் கையில் இருப்பது ஒரு சின்ன சிலேட்டு. ஊரின் முழு வரைபடத்தையும் எழுதிக்கொள்ள இடம் இல்லை. போன செய்தி திரும்ப வராது. ஆனால் எப்போது வேண்டுமானாலும் ஒருவர் கேட்பார்: 'இப்போ ஊர் முழுக்க ஒண்ணா இணைஞ்சிருக்கா, இல்ல எங்கேயாவது ஒரு பகுதி துண்டா நிக்குதா?' அதற்குச் சரியான பதில் சொல்ல வேண்டும்.

செய்தி தன்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தால் இதற்கு வழி இருக்கிறது. எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் கண்டுபிடித்த வழி. காசைச் சுண்டிப் பார்த்து, பூவா தலையா என்பதற்கு ஏற்றபடி சிலதைக் குறித்து சிலதை விட்டு, சின்ன சிலேட்டிலேயே சமாளித்துவிடலாம். ஆனால் செய்தி அனுப்புகிறவனே வில்லனாக இருந்தால்? நாம் சொல்லும் ஒவ்வொரு பதிலையும் கேட்டு, நம் சிலேட்டில் எது இருக்கும் எது இருக்காது என்று மோப்பம் பிடித்து, அடுத்த செய்தியை நம் காலை வாரும்படி அனுப்பினால்? அப்படிப்பட்டவனையும் தாங்குகிற சிலேட்டு உண்டா?

"நீ உண்டுன்னு காட்டு," என்று மேடம் என்னிடம் சொன்னார். அவளிடம் திரும்பி, "நீ இல்லைன்னு காட்டு. எந்த சிலேட்டைக் கொடுத்தாலும் ஏமாத்தி ஜெயிக்கிற வில்லனை உருவாக்கு."

"யார் சொல்றது சரின்னு உங்களுக்குத் தெரியுமா மேடம்?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சா உங்களை எதுக்கு வெச்சிருக்கேன்?"

அன்றிலிருந்து அவள் பெயர் வில்லி. முதலில் நான்தான் கூப்பிட்டேன். மாதக் கடைசிக்குள் மாடி முழுவதும் பரவி, மேடமே ஒருமுறை மறந்துபோய்க் கூட்டத்தில் "வில்லி என்ன சொல்றான்னா" என்று ஆரம்பித்துவிட்டார்.

நாங்கள் விளையாடித்தான் வேலை பார்த்தோம். கடையில் ஒரு நிஜ சிலேட்டே வாங்கி வைத்துக்கொண்டோம். நான் யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடிப்பேன். சிலேட்டை அவள் பார்க்காதபடி மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். அவள் எதிரே நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகின்மேல் தாடையை வைத்துக்கொண்டு, பேனா மூடியைக் கடித்தபடி செய்தி அனுப்புவாள்.

"மூணாம் சந்திக்கும் ஏழாம் சந்திக்கும் நடுவுல ரோடு திறந்தாச்சு. ஏழுக்கும் ஒம்பதுக்கும் திறந்தாச்சு. ஊர் ஒண்ணா இருக்கா?"

"இருக்கு."

"ம்ம். மூணு ஏழு மூடியாச்சு. இப்போ?"

"இல்ல."

"அட, தெரிஞ்சிருக்கே!" என்று கண்ணைச் சிமிட்டுவாள். இன்னும் கொஞ்ச நேரம் எதையெதையோ திறந்து மூடிவிட்டு, நான் கவனிக்காமல் விட்ட ஒற்றைப் பாலத்தில் போய்க் கை வைப்பாள். ஊர் இரண்டாகப் பிளந்திருக்கும். நான் "ஒண்ணாத்தான் இருக்கு" என்று தைரியமாகச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

வேறு யாராவது என்றால் ஜெயித்ததோடு எழுந்து போயிருப்பார்கள். வில்லி போகமாட்டாள். நாற்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கம் வந்து, எந்தப் பதிலில் எனக்குத் தெரியாமல் என்ன கசிந்தது என்று பிட்டுப் பிட்டு வைப்பாள். "இங்க 'இல்ல'ன்னு சொன்னீங்க பாருங்க அண்ணா, அப்பவே ஒம்பதுக்குப் போற ரோடு உங்க சிலேட்டுல இல்லைன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அடுத்த தடவை இந்த ஓட்டையை அடைச்சுக்கிட்டு வாங்க." தன்னைத் தோற்கடிக்க வேண்டியவனுக்கு இவ்வளவு பாடுபட்டு ஆயுதம் செய்து கொடுக்கிற ஆளை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

வீட்டில் இதைச் சொன்னால் என் மனைவி சிரிப்பாள். "தினமும் ஒரு சின்னப் பொண்ணுகிட்ட உதை வாங்கிட்டு, கல்யாண வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி முகத்தை வெச்சிக்கிட்டு வர்றியே!"

அவள் சொன்னது உண்மைதான். கம்பெனியில் இருந்தபோது என் வேலையில் தப்பு கண்டுபிடித்தவர்கள் மேல் வாரக்கணக்கில் எரிச்சலாக இருக்கும். வில்லி உடைத்தால் மட்டும் எனக்குப் பசி எடுக்கும். உடைத்த விதம் அவ்வளவு சுத்தமாக இருக்கும்.

வில்லியின் அம்மா போக்குவரத்துக் காவலர். பணி முடிந்து மகளைக் கூட்டிக்கொண்டு போக வரும்போது எங்கள் அறையில் மின்விசிறிக்குக் கீழே கொஞ்ச நேரம் உட்காருவார். சீருடையில் புழுதி, கழுத்தில் விசில், காலணியைக் கழற்றிவிட்டு விரல்களை நீட்டி மடக்கிக்கொண்டே ஒருநாள் என்னிடம் கேட்டார்.

"தம்பி, நீங்க பெரியவங்க, உண்மையைச் சொல்லுங்க. இவ இங்க என்னதான் பண்றா? கேட்டா 'ரோடை மூடுறேன், திறக்கிறேன்'ங்கிறா."

"அதேதாம்மா பண்றா."

"அதைத்தானே நான் காலையில இருந்து வெயில்ல நின்னு பண்றேன்! எனக்கு யாரும் டாக்டர் பட்டம் தரலையே?"

"உங்க ரோட்டுல வண்டி ஓடுதும்மா. என் ரோட்டுல ஒண்ணும் ஓடாது. அதான் பட்டம் தர்றாங்க," என்றாள் வில்லி.

"இவளை ஏன் எல்லாரும் வில்லிங்கிறாங்க?"

நான் தயங்கித் தயங்கி விளக்கினேன். கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தேன். அம்மாவோ விசில் குலுங்கச் சிரித்தார். "எனக்கும் அதே பேருதான் தம்பி. முகத்துக்கு நேரா யாரும் சொல்றதில்ல, அவ்வளவுதான்."

இரண்டாம் வருஷக் கடைசியில் எனக்கு ஒரு நல்ல யோசனை வந்தது. அதற்குத் 'தழும்பு' என்று பெயர் வைத்தேன். பதில் எப்போதெல்லாம் மாறுகிறதோ, அப்போது வில்லன் எந்த இடத்தில் கை வைத்தானோ, அந்த இடத்தை மட்டும் சிலேட்டில் ஒளிவுமறைவில்லாமல் முழுசாக எழுதி வைப்பது. அடி பட்ட இடத்தில் தோல் தடித்துப் போவது மாதிரி. வழக்கமாக அரைமணியில் உடைத்துவிடுகிறவள், தழும்போடு ஒரு வாரம் மல்லுக்கட்டினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் மனைவியிடம் "அநேகமா பட்டம் வந்தாச்சு" என்றுகூடச் சொல்லிவிட்டேன். அடுத்த திங்கட்கிழமை வில்லி சிரித்துக்கொண்டே வந்தாள்.

"என் ஆளு ஓரிடத்துல அடிக்கமாட்டான் அண்ணா. அங்க ஒண்ணு, இங்க ஒண்ணுன்னு ஊர் முழுக்க அடிப்பான். உங்க சிலேட்டுல தழும்பைத் தவிர வேற எதுக்கும் இடம் இருக்காது. உடம்பே தழும்பாப் போயிடும்."

கணக்குப் போட்டுக் காட்டினாள். சரியாகத்தான் தெரிந்தது. நான் தழும்பைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

அந்த வில்லனையே வளர்த்து வளர்த்து மூன்றாம் வருஷத்தில் அவள் முழு நிரூபணத்தையும் முடித்தாள். எந்த சிலேட்டும் தாங்காது. ஏறக்குறைய முழு வரைபடத்தையும் எழுதியே ஆகவேண்டும். மேடம் படித்தார், ஒரு மாதம் துருவினார், தலையசைத்தார். ஒரு கருத்தரங்குக்கு ஏற்பாடானது. வேறு நாட்டிலிருந்து எங்கள் துறையின் பெரிய ஆள் ஒருவர் அதைக் கேட்கவே வருவதாகச் சொன்னார். அவருடைய ஆராய்ச்சிக் குழுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. 'இந்த முடிவோடு ஆய்வேட்டைச் சமர்ப்பித்ததும் வந்து சேருங்கள்' என்று வில்லிக்கு ஈமெயிலே வந்துவிட்டது. சுவரொட்டி அடித்து மாடிப்படியில் ஒட்டினார்கள்: 'எந்த நினைவகமும் போதாது.'

நான் தோற்றதில் எனக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனாலும் தோற்றது யாரிடம் என்று பார்த்தால், அது அவ்வளவு பெரிய அவமானமாகத் தெரியவில்லை. வேறு கேள்வி தேடிக்கொள்ள மேடமிடம் நேரம் கேட்டிருந்தேன்.

கருத்தரங்குக்குத் தயார் செய்துகொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. நிரூபணத்தின் நடுவில் ஒரு வரி. 'வில்லன் இப்படியே தொடர்ந்து புதுப்புது இடங்களில் அடிக்கலாம் என்பதை எளிதில் காணலாம்.' எங்கள் துறையில் எல்லோரும் எழுதுகிற வரிதான் இது. எழுதியவருக்கு அலுப்பு என்று பொருள். படிக்கிறவர்களும் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுத் தாண்டிப் போவார்கள். மேடம் தாண்டிப் போயிருந்தார். நானும்தான். வில்லி, அதை மேடையில் படமாகப் போட்டுக் காட்டலாம் என்று உட்கார்ந்தாள். படம் வரவில்லை.

அதன்பிறகு ஒரு வாரம் அவள் அவளாக இல்லை. கேட்டதற்குப் பதில் வராது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மேடைப் பயம் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் காலை நான் அறைக்குள் நுழைந்தால், கோட்டுக்கு வலதுபக்கம், கரும்பலகையின் என் பாதியில், அவள் கையெழுத்து நிறைந்திருந்தது. அவள் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"உட்காருங்க அண்ணா," என்றாள். "என் வில்லன் செத்துட்டான்."

"என்ன சொல்றே?"

"உங்க தழும்பை நான் உடைச்சேன் இல்ல? அது தப்பு. தப்பா உடைச்சுட்டேன்."

எழுந்து போய்க் காட்டினாள். வில்லன் ஊர் முழுக்கப் புதுப்புது இடங்களில் அடிக்க வேண்டும். சரி. ஆனால் ஓரிடத்தில் சரியாக அடிக்க வேண்டுமென்றால், அங்கே சிலேட்டு பலவீனமாக இருக்கிறது என்று அவனுக்கு முதலில் தெரிய வேண்டும். தெரிய வேண்டுமென்றால் பதில் மாற வேண்டும். பதில் மாறினால் அங்கே தழும்பு விழுந்துவிடும். மறுபடி அங்கே அடித்துப் பயன் இல்லை. புது இடம் வேண்டுமென்றால் அவன் புதுச் சாலை திறக்க வேண்டும். அதற்கு நாம் புதிதாகக் காசு சுண்டிவிடுவோம். அவன் அதுவரை மோப்பம் பிடித்ததெல்லாம் பாழ். எப்படிச் சுற்றினாலும் அவனால் கொஞ்சம் இடங்களில்தான் கை வைக்க முடிகிறது. அந்தக் கொஞ்சம், சிலேட்டில் அடங்கிவிடுகிறது.

"வில்லனா இருந்து பாத்தாதான் இது தெரியும் அண்ணா. ஏமாத்துறதுக்கு நான் எங்க கை வைக்கிறேனோ, அதை மட்டும் நீங்க பாத்துக்கிட்டு இருந்தாப் போதும். என்னால ஒண்ணும் பண்ண முடியாது." சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் அது முழுச் சிரிப்பு.

நான் கரும்பலகையைப் படித்தேன். மறுபடி படித்தேன். உடைக்கப் பார்த்தேன். உடையவில்லை. என் யோசனை, செத்துப்போனது என்று ஒரு வருஷம் முன்னால் நான் மூட்டை கட்டி வைத்த யோசனை, அங்கே உயிரோடு நின்றுகொண்டிருந்தது. அவளுடைய மூன்று வருஷம் அதன் காலடியில் தரைமட்டமாகிக் கிடந்தது.

"வில்லி, அந்த 'எளிதில் காணலாம்' வரியை யாருமே கேட்கலையே," என்றேன். "மேடமே கேட்கலை. நீ சொல்லாம இருந்திருந்தா..."

"எனக்குத் தெரியுமே. அதோட, இந்த வழி எவ்வளவு நல்லா இருக்கு பாத்தீங்களா? இதை வெச்சுக்கிட்டு எப்படி வாயை மூடிக்கிட்டு இருக்கிறது? வயிறு வெடிச்சிடும்."

"சரி, அப்படின்னா நீயே எழுது. உன் பேர்ல. தழும்பை நான் எப்பவோ தூக்கிப் போட்டாச்சு."

"நான் தப்பாச் சொன்னதாலதானே போட்டீங்க? அதுக்கு நீங்க எதுக்கு அபராதம் கட்டணும்? வாங்க, மேடமைப் பாக்கலாம்."

மேடம் முழுசாகக் கேட்டார். கடைசியில், "ரெண்டு பேரும் போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க. நான் இதை உடைக்க முடியுதான்னு பாக்கிறேன்," என்றார். நாங்கள் கேன்டீனில் என்ன சாப்பிட்டோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. திரும்பி வந்தபோது மேடமின் இரண்டு கைகளும் முழங்கைவரை வெள்ளையாக இருந்தன. கரும்பலகையில் அழித்து எழுதி அழித்து எழுதி மேகம் மாதிரி ஆகியிருந்தது.

"உடையல," என்றார். வில்லி பக்கம் திரும்பி, "உன் ஆய்வேடு?" என்று கேட்டார்.

"போச்சு மேடம்."

"அந்த வரியில நான் நின்னிருக்கணும்மா. நிக்காம போயிட்டேன்."

"நானே மூணு வருஷம் நிக்கலையே மேடம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "அவருக்கு டிக்கெட் எல்லாம் போட்டாச்சு. கருத்தரங்கை நிறுத்திடலாமா?"

"வேணாம். நான் பேசறேன். தலைப்பை மட்டும் மாத்தணும்."

சுவரொட்டியில் 'எந்த நினைவகமும்' என்பதை அடித்து 'சின்ன நினைவகமே' என்றும், 'போதாது' என்பதில் கடைசி இரண்டு எழுத்தை அடித்து 'தும்' என்றும் அவளே பேனாவால் எழுதினாள். 'போதும்' என்பதற்குப் பதில் 'போதும்தும்' மாதிரி ஏதோ ஆகிவிடுமோ என்று நான் பதறினேன். கடைசியில் 'சின்ன நினைவகமே போதும்' என்று ஒழுங்காகத்தான் வந்தது.

அன்று அரங்கம் நிறைந்துவிட்டது. வந்திருந்த பெரியவர் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வில்லியின் அம்மா பணியிலிருந்து நேரே வந்து கடைசி வரிசையில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வில்லி மேடையேறியதும் சுற்றிவளைக்கவில்லை. "நான் நிரூபிச்சேன்னு சொன்னது தப்பு. எங்க தப்புன்னு முதல்ல காட்டறேன்," என்று அந்த ஒரு வரியைத் திரையில் பெரிதாகப் போட்டாள். அரங்கத்தில் ஒரு சலசலப்பு. பெரியவர் கையைப் பிரித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

பிறகு அவள் எங்கள் சிலேட்டை எடுத்துக்கொண்டு முன்வரிசைக்கு இறங்கி வந்தாள்.

"சார், நீங்க வில்லனா இருக்கீங்களா?"

அவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. எழுந்து நின்று, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, சாலைகளைத் திறந்தார், மூடினார், நயமாகச் சுற்றி வந்தார், சட்டென்று பின்பக்கமாகப் பாய்ந்தார். மூன்று வருஷமாக நான் உட்கார்ந்த இடத்தில், சிலேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, வில்லி பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு பதிலும் சரி. அவர் எங்கே வரப்போகிறார் என்பது அவருக்கு முன்பே அவளுக்குத் தெரிந்தது. அந்தத் தெருக்களில் எல்லாம் பதுங்கியிருந்து பழகியவள்தானே அவள். கடைசியில் பெரியவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "போதும்மா, என்னை விட்டுடு," என்றார். அரங்கமே சிரித்துக் கைதட்டியது. கடைசி வரிசையிலிருந்து ஒரு விசில் சத்தம்கூடக் கேட்டது. யார் என்று திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"இந்த யோசனையோட முதல் பாதி அண்ணாவோடது," என்று என்னைக் காட்டிச் சொன்னாள். "நான் அதைத் தப்பாக் கொன்னுட்டேன். இப்போ திருப்பிக் கொடுத்திருக்கேன்." எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

கதை இங்கேயே நல்லபடியாக முடிந்திருக்கலாம். ஆனால் அந்தக் காலியிடம் அவளுக்காகக் காத்திருக்கவில்லை. அந்த வருஷத்துக்குள் ஆய்வேடு இருந்தால்தான் உண்டு என்பது அவர்கள் விதி. பெரியவர் எவ்வளவோ பேசிப் பார்த்துவிட்டு வருத்தத்தோடு எழுதினார். இடம் வேறொருவருக்குப் போனது. அறையில் வில்லி தோளைக் குலுக்கிக்கொண்டு, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்," என்றாள். அன்று சாயங்காலம் அவள் அம்மாதான் படியில் என்னை நிறுத்திச் சொன்னார்: "நேத்து முழுக்க ஒரே அழுகை தம்பி. நீங்க கேட்டதாக் காட்டிக்காதீங்க."

நான் காட்டிக்கொள்ளவில்லை. மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள், "அந்தப் பொண்ணை ஒருநாள் வீட்டுக்குக் கூட்டிட்டு வா," என்றாள்.

கட்டுரை இருவர் பெயரிலும் வெளியானது. எங்கள் துறையில் பெயர்களை அகரவரிசையில்தான் போடுவார்கள். என் பெயர் முன்னால் வந்துவிட்டது. அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. வில்லியின் அம்மாவுக்கு அதைவிட அதிகமாக உறுத்தியது.

"ஏன் தம்பி, இவ பேரு ஏன் ரெண்டாவது?"

"அகரவரிசைம்மா. நானும் மாத்தலாம்னு சொன்னேன், இவதான் கேக்கலை."

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா 'அ'வுல வர்ற மாதிரி ஒரு பேரு வெச்சிருப்பேனே!" என்று மகளைப் பார்த்து அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

'உண்டு' என்று காட்ட வேண்டியது என் பக்கம் என்பதால், என் ஆய்வேடு அந்தக் கட்டுரையை வைத்தே முடிந்தது. பட்டம் வாங்கி, அதே ஊரில் ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தேன். வில்லி அறையில் தனியாக உட்கார்ந்து ஆரம்பத்திலிருந்து தொடங்கினாள். பழைய கேள்வி இல்லை. தழும்பு சிலேட்டு தாங்குகிறது, சரி. அதைவிடச் சின்ன சிலேட்டு தாங்குமா? இதற்கு அவள் புதிதாக ஒரு வில்லனை வளர்த்தாள். நான் வாரத்தில் ஒருநாள் கல்லூரி முடிந்ததும் போய் உட்காருவேன். முதலில் அவனை நான் சுலபமாக உடைத்தேன். பிறகு சுலபமாக உடைக்க முடியவில்லை. ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆனது. இந்த முறை 'எளிதில் காணலாம்' என்ற சொல்லே அவள் எழுத்தில் எங்கும் கிடையாது. நாங்கள் கண்டுபிடித்த சிலேட்டுதான் மிகச் சின்னது, அதற்குக் கீழே ஒரு விரல் அகலம் குறைத்தாலும் அவளுடைய வில்லன் ஜெயித்துவிடுவான் என்று நிரூபித்தாள். அந்தக் கேள்வியில் இனி யாருக்கும் ஒன்றும் மிச்சமில்லை. இரண்டு பக்கமும் அடைபட்டாயிற்று. அதைப் படித்த அன்று என் வகுப்பில் பாடத்தை நிறுத்திவிட்டு, முதலாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் அரைமணி நேரம் வில்லியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

அவளுடைய வாய்மொழித் தேர்வு ஒரு மழை நாளில் நடந்தது. நானும் அவள் அம்மாவும் தாழ்வாரத்தில் பெஞ்சில் காத்திருந்தோம். முறைப்படி, கேள்விகள் முடிந்ததும் மாணவரை வெளியே அனுப்பிவிட்டு, தேர்வாளர்கள் தங்களுக்குள் பேசி முடிவைச் சொல்ல வேண்டும். முடிய வேண்டிய நேரம் தாண்டியும் கதவு திறக்கவில்லை. அம்மா விசிலைக் கையில் எடுப்பதும் விடுவதுமாக இருந்தார்.

"என்ன தம்பி, ஏதாவது பிரச்சனையா? போய்ப் பாருங்களேன்."

எழுந்து போய்க் கதவின் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தேன். கடைசிக் கேள்வியாக யாரோ 'அடுத்து என்ன செய்யப் போறீங்க?' என்று கேட்டிருக்க வேண்டும். வில்லி அதற்குப் பதிலாகக் கரும்பலகையில் புதிதாக ஏதோ வரைந்திருந்தாள். மூன்று தேர்வாளர்களும் நாற்காலியை விட்டு எழுந்து வந்து அவளைச் சுற்றி நின்றார்கள். ஆளுக்கொரு சுண்ணக்கட்டி. ஒருவர் எழுதுவதை இன்னொருவர் அழித்துக்கொண்டிருந்தார். மேடம் ஓர் ஓரமாகத் தரையில் குனிந்து, உடைந்து விழுந்த துண்டைத் தேடிக்கொண்டிருந்தார். வில்லி தலையைச் சாய்த்து, பேனா மூடியைக் கடித்தபடி, அவர்கள் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாஸா?" என்று பின்னாலிருந்து அம்மா கேட்டார்.

"இன்னும் சொல்லலைம்மா. சொல்லணும்கிறதே அவங்களுக்கு மறந்துபோச்சுன்னு நினைக்கிறேன்."

அம்மாவும் என் தோளுக்குப் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். கண்ணாடியில் அவர் மூச்சுப் பட்டுப் பனித்தது. கையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இது இப்போதைக்கு முடியாது," என்றார். "வாங்க தம்பி, நாம போய் ஒரு டீ குடிச்சிட்டு வரலாம்."